தீவுக்கார அம்மாவின் ஆங்கிலம்

என் மனைவி இறந்து பதினாறு நாள் கழித்து மறுபடியும் வேலைக்கு உட்கார்ந்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. வீட்டில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

என் வேலை, யாரோ எங்கோ பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது. புதுச்சேரி நகரத்தில் இருக்கும் ஓர் அலுவலகம் ஒலிக்கோப்புகளை அனுப்பும். வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயில் பங்கைச் சேர்ந்த எங்கள் கிராமத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அடித்து அனுப்புவேன். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பல வருடங்களாக அமெரிக்க டாக்டர்களும் ஆஸ்திரேலிய வக்கீல்களும் என் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

மனைவி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, வேலை செய்துகொண்டிருந்த மேசைமேலேயே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அடக்கப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தபோது நான் அதை மனதுக்குள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கே காற்புள்ளி, எங்கே பத்தி பிரிக்க வேண்டும், ஒலிபெருக்கி இரைந்த இடத்தில் எந்தச் சொல் விட்டுப்போனது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லறையில் மண் போடச் சொன்னார்கள், போட்டேன். ஆண்கள் வந்து தோளைத் தொட்டார்கள். அழாமல் இருக்காதே, அழுதுவிடு என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். மாமியார் மட்டும் கிளம்பவில்லை. அவருக்குத் திருக்கனூர் பக்கத்தில் சொந்த வீடு இருக்கிறது. சந்தையில் கருவாடு விற்பவர். மாமனார் போய்ப் பல வருடம் ஆகிறது. இருக்கப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இருங்கள் என்று நானும் சொல்லவில்லை. மறுநாள் காலை எழுந்தபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்வது குறைவு. இடையில் மனைவி இருப்பாள். இவர் கேட்டதை அவள் எனக்குச் சொல்வாள், நான் சொன்னதை அவள் அவருக்குச் சொல்வாள். இப்போது நடுவில் ஆள் இல்லை. சோறு வைத்திருப்பதாக அவர் கதவைப் பார்த்துச் சொல்வார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். காலை ஏழேகாலுக்குத் தெருமுனையில் தொழிற்சாலை வேன் வந்து ஹாரன் அடிக்கும். எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அதில் போகிறார்கள். ஹாரன் கேட்டதும் நாங்கள் இருவருமே செய்துகொண்டிருப்பதை நிறுத்துவோம். வேன் போனதும் தொடர்வோம்.

அலுவலகத்து மேலாளர் எனக்கு இரக்கப்பட்டு அவசரமில்லாத வேலை ஒன்று கொடுத்தார். கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. அங்கே கடற்கரை ஊர்களில் இருக்கும் வயதானவர்களின் பேச்சை ஒரு பல்கலைக்கழகம் பதிவு செய்து சேர்த்து வைக்கிறது. அதை எழுத்தாக்க வேண்டும். ஒரே விதி, எதையும் திருத்தக் கூடாது, அவர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே அடிக்க வேண்டும். மூச்சு, சிரிப்பு, இருமல்கூட அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். கேட்காத இடத்தில் கேட்கவில்லை என்று குறிக்க வேண்டும். பாதியில் நின்றுபோன வாக்கியத்துக்கு மூன்று புள்ளி வைக்க வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதல் கோப்பைப் போட்டதும் அந்த நினைப்பு போயிற்று. ஒரு கிழவி பேசினார். தொண்டையில் உப்புத்தூள் அடைத்ததுபோல ஒரு குரல். வேகமாகப் பேசி, வேகமாகச் சிரித்து, சொற்களின் வாலைக் கடித்துத் துப்பிக்கொண்டே போனார். காற்று வேறு இரைந்தது. ஒரு நாள் முழுக்கப் பெடலை மிதித்ததில் மூன்று பக்கம் தேறியது. அதிலும் பாதி, கேட்கவில்லை, கேட்கவில்லை என்றுதான் இருந்தது.

என் பக்கங்களைச் சரிபார்க்க அந்தத் தீவிலேயே ஒரு பெண் இருந்தார். பெயர் தேவையில்லை. ஓரத்தில் சிவப்பு எழுத்தில் குறிப்பு எழுதி அனுப்புவார். 'வேர் யூ டூ' என்று கிழவி சொன்னதை, நீ எங்கே செய்கிறாய் என்பதுபோலப் புரிந்துகொண்டு நான் தப்பாக அடித்திருந்தேன். அது எங்கே இருக்கிறாய் என்று கேட்பது என்றார். கிழவி தன் கெட்டிலையும் படகையும் சாவியையும் 'ஹி' என்று ஆணாகவே சொன்னார். நான் யாரோ ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். பொருள்களை அப்படிச் சொல்வதுதான் எங்கள் பேச்சு என்று குறிப்பு வந்தது.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டு எழுதினேன். ஆர்வத்தினால் இல்லை. காரணம் தெரிந்தால் பிழை குறையும் என்பதற்காக. அவர் நீளமாகப் பதில் போட்டார். அவர்களுடைய முன்னோர்கள் இரண்டு இடங்களிலிருந்து மீன் பிடிக்க வந்தவர்களாம். ஒரு கூட்டம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து, இன்னொன்று அயர்லாந்தின் தென்கிழக்கிலிருந்து. கடல் வளைந்து உள்ளே வரும் இடங்களில் பத்து வீடு, இருபது வீடு என்று தங்கிவிட்டார்கள். ஊருக்கு ஊர் சாலை கிடையாது, படகுதான். அதனால் எந்த ஊர்க்காரர் எந்தப் பேச்சோடு வந்தாரோ அந்தப் பேச்சு அங்கேயே தங்கிவிட்டது. இங்கிலாந்தில் அது மாறியும் தேய்ந்தும் போய்விட்டது. இவர்களிடம் இருக்கிறது. நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பிள்ளைகள் தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றும், ஒரே வருடத்தில் பேச்சை மாற்றிக்கொண்டதாகவும், இப்போது அதே பேச்சைச் சேகரிப்பதற்குச் சம்பளம் வாங்குவதாகவும் எழுதியிருந்தார்.

நான் நகரத்துக் கல்லூரியில் சேர்ந்தபோது 'வூடு', 'இன்னா' என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியவன்தான். அதை அவருக்கு எழுத நினைத்தேன். எழுதவில்லை. அந்த வாரம்தான் இறப்புச் சான்றிதழ் வாங்கக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், எத்தாசிவிலில் எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்கு அதுதான் பெயர். எழுதியாகிவிட்டது என்றேன். சான்றிதழில் அவள் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. திருத்திக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபரில் என் ஹெட்போன் ஒரு பக்கம் செத்துப்போயிற்று. புதியது வரும்வரை ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். அப்படித்தான் கிழவியின் குரல் வீட்டுக்குள் பரவியது. மாமியார் முதல் நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து அறை வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார். மூன்றாம் நாள், கதவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டார்.

"இன்னா மாப்ள சொல்லுது அந்தம்மா?"

கிழவி அப்போது 'மேக்கிங் ஃபிஷ்' என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மீன் செய்தார்களாம், எனக்கே விளங்கவில்லை என்றேன். பிறகு கிழவி விவரித்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மீனைப் பிளந்து முள்ளை எடுப்பது, உப்பில் அடுக்குவது, கழுவி எடுத்துக் குச்சிப் பரண்மேல் பரப்புவது, வெயிலுக்குத் திருப்பிப் போடுவது, மழை தூறினால் பெண்கள் எல்லோரும் ஓடிப்போய்க் குவித்து மூடுவது.

"கருவாடு போட்டத சொல்லுது," என்றார் மாமியார். முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "நாமளும் செஞ்சோம்னா சொல்றோம், போட்டோம்னுதான சொல்றோம்."

அவர் சொன்னது சரி. அந்தத் தீவில் 'ஃபிஷ்' என்றாலே ஒரே ஒரு மீனுக்குத்தான் பெயர், மற்ற மீன்களை எல்லாம் அதனதன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னேன். அந்த மீன் குறைந்துபோய் அரசாங்கம் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டது, ஊரே வேலை தேடி வெளியே போனது, அதையும் சொன்னேன். இங்கே வருஷா வருஷம் போடும் ரெண்டு மாசத் தடைக்கே நல்லவாட்டுக் கடற்கரையில் படகெல்லாம் கரையில் கிடப்பதைப் பார்க்க முடியாது, இவர்கள் எப்படி இருந்தார்களோ என்றார் மாமியார். அவள் போன பிறகு எங்களுக்குள் நடந்த முதல் நீளமான பேச்சு அதுதான். அதில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்றிலிருந்து மாமியார் மதியம் வேலை முடித்து வந்து உட்காருவார். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது. கேட்டுக்கொண்டிருப்பார். புதிய ஹெட்போன் வந்தது. நான் அதை உறையோடு அலமாரியில் வைத்துவிட்டு ஸ்பீக்கரிலேயே தொடர்ந்தேன்.

ஒரு சங்கதியில் அவர் காது என் காதைவிட நன்றாக இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து போய்ப் பேட்டி எடுத்த பெண் ஏதாவது கேட்டால் கிழவி சில சமயம் பதில் சொல்லாமல் மூச்சை மட்டும் சட்டென்று உள்ளே இழுப்பார். நான் அதை அடைப்புக்குறிக்குள் மூச்சு என்று அடித்துக்கொண்டே வந்தேன். மாமியார் அது மூச்சு இல்லை, ஆமாம் என்று சொல்கிறது, கேட்ட கேள்விக்குச் சரியாக வந்து விழுகிறதே என்றார். கேட்டு எழுதினேன். ஆமாம், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே 'யா' என்பார்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது.

ஏழாவது கோப்பில் அது வந்தது. கிழவி உப்பு எவ்வளவு போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பேச்சு நின்றது. பிறகு மெதுவாக, அந்த வேகம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். 'ஐம் ஆஃப்டர் லூஸிங் மீ மெய்ட்.' அதன்பின் காற்றுச் சத்தம் மட்டும். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கிழவியே உப்புக்குத் திரும்பிவிட்டார்.

வேலைக்காரியை இழந்த பிறகு நான், என்று எனக்குப் பட்டது. மெய்ட் என்றால் வேலைக்காரி. வாக்கியம் முடியவில்லை. மூன்று புள்ளி வைத்தேன். மின்சாரம் இல்லாமல் வளர்ந்த கிழவி, கருவாடு போட்டவர், வேலைக்காரி எங்கே வைத்திருந்தார் என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டேன்.

மாமியார் இன்னா சொல்லுது என்று கேட்டார். வேலைக்காரி யாரோ செத்துப்போய்விட்டதாகச் சொல்கிறார் என்றேன்.

அவர் கல் பொறுக்குவதை நிறுத்தினார். "திருப்பிப் போடுங்க," என்றார்.

போட்டேன். காற்றுச் சத்தம் வரைக்கும் கேட்டார்.

"வேலைக்காரி இல்ல மாப்ள. அது மவ."

மெய்ட் என்றால் ஆங்கிலத்தில் வேலைக்காரிதான் என்றேன். அவர் வாதாடவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் அவர் குழம்பு வைக்கவில்லை. ரசம் இருந்தது. அதை ஊற்றிச் சாப்பிட்டோம்.

என் வீட்டில் ஓர் அம்மா, ஆங்கிலம் தெரியாதவர், குரலை வைத்து இது மகளைச் சொல்வதாக நினைக்கிறார், சரியா என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். மறுநாள் மதியம் பதில் வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பேச்சில் மெய்ட் என்றால் பெண்பிள்ளை, அங்கிருந்துதான் எங்களுக்கு வந்தது என்று எழுதியிருந்தார். அந்தக் கிழவியின் ஒரே மகள் பேட்டிக்குச் சில மாதம் முன்னால் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனாராம். அதைப் பற்றிக் கேட்பதில்லை என்று இவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கிழவி தானாகச் சொன்னதுதான் அந்த ஒரு வாக்கியம்.

கீழே இன்னொரு குறிப்பும் இருந்தது. மூன்று புள்ளியை எடுத்துவிடுங்கள், இது முடியாத வாக்கியம் இல்லை. எங்கள் ஊரில் ஆஃப்டர் போட்டுச் சொன்னால் இப்போதுதான் நடந்து முடிந்தது என்று அர்த்தம். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் சொந்த மொழியில் அப்படிச் சொல்கிறவர்கள். ஆங்கிலத்துக்கு மாறியபோது சொற்களை மாற்றிக்கொண்டார்கள், சொல்லும் விதத்தை விடவில்லை. என் மகளை இழந்துவிட்டேன் என்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றும் வராது.

பழைய ஆறு கோப்புகளிலும் அதே தவறைச் செய்திருந்தேன். பின்னால் ஏதோ வரப்போகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். ஒரு முழு நாள் ஆயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் மாமியாரிடம் நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்குக் காலைல போவும்போது அவ உங்ககிட்ட இன்னா சொன்னா?"

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று எனக்குத் தெரியும். அன்று காலை ஏழு மணிக்கே நான் வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். காதில் ஹெட்போன். அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினேன், சரி, போய் வா என்பதுபோல. அவள் போய்விட்டாள். ஊரார் பேச்சை எல்லாம் மூச்சோடு இருமலோடு எழுதி வைக்கிறவன் நான். அவள் சொன்னது இரண்டு சொல்லா நான்கு சொல்லா என்றுகூட எனக்குத் தெரியாது. தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாமியாரிடம் சொன்னேன். இப்படியே, இந்த வரிசையில், குரல் எதுவும் மாறாமல் சொன்னேன்.

அவர் இரண்டு ஈர்க்கு உருவினார்.

"வாசக் கேட்ட சாத்திக்கோங்கன்னு சொல்லியிருப்பா," என்றார். "ஆடு உள்ள வந்து செடியத் தின்னுதுன்னு எங்கிட்ட போன்ல நாலு வாட்டி சொன்னா. உங்களுக்குச் சொன்னா காதுல வாங்க மாட்றீங்கன்னு சொன்னா."

நான் திரும்பி வாசல் கேட்டைப் பார்த்தேன்.

"ஒடம்பு முடியலன்னா உள்ள வந்து அந்த மிசினப் புடுங்கிட்டுச் சொல்லியிருப்பா மாப்ள. நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா."

அழுகை வரும் என்று நினைத்தேன். காத்திருந்தேன்கூட. வரவில்லை. பசித்தது. கீரை வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். பத்து நிமிடம் என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கீரைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் உருவிக்கொண்டே இருந்தார்.

கல்லறைத் திருநாளுக்கு இருவரும் போய்ப் புல்லைச் செதுக்கினோம். மழை பிடித்துக்கொண்டதால் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்த குடும்பம் ஒன்று குடை கொடுத்தது. அதன் கீழே நின்று இரண்டு முறை பற்றவைத்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

டிசம்பரில் புதிதாக ஒரு கோப்பு வந்தது. பேட்டி எடுத்த பெண் மறுபடி அதே கிழவி வீட்டுக்குப் போயிருந்தார். பேச்சின் நடுவே, நீங்கள் பேசியதை எல்லாம் இந்தியாவில் ஒருவர் எழுதுகிறார், உங்கள் மகளைப் பற்றி நீங்கள் சொன்ன இடத்தை அவர் வீட்டில் ஓர் அம்மா, ஆங்கிலமே தெரியாதவர், குரலை வைத்தே கண்டுபிடித்தார் என்று சொன்னார். என் ஓரக் குறிப்பு கைமாறி அவர்வரை போயிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெடலை விட்டுவிட்டேன். பிறகு மிதித்தேன்.

கிழவி எழுந்துபோவது கேட்டது. அடுப்பில் எதையோ எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, 'ஹேட் ஷீ அ மெய்ட் ஹெர்செல்ஃப்?' என்றார்.

தெரியாது என்றார் பேட்டி எடுத்த பெண். சரி என்று கிழவி வேறு எதற்கோ போய்விட்டார்.

மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தார். இன்னா என்று அவர் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"அந்தம்மா உங்களப் பத்திக் கேக்குறாங்க அத்த. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்தாளான்னு கேக்குறாங்க."

மாமியார் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். வெளியே யாரோ பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்திருப்பதாகக் கூவிக்கொண்டு போனார்கள்.

"இருந்தான்னு சொல்லுங்க," என்றார்.

ஓரத்தில் அடித்தேன். அவருக்கும் ஒரு மெய்ட் இருந்தாள், ஆகஸ்டில் இறந்துபோனாள், என் மனைவி. அவளைப் பற்றி நான் எழுதிய முதல் வாக்கியம் அதுதான், அதுவும் ஆங்கிலத்தில், வேறொருவர் ஊர்ப் பேச்சில். அடித்துவிட்டு அழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேலையில் சொந்த விஷயம் எழுதக் கூடாது என்று அலுவலகத்தில் விதி இருக்கிறது. மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டேன்.

சரிபார்க்கும் பெண்ணிடமிருந்து ஒரு வாரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது. வருந்துகிறேன், அடுத்த முறை போகும்போது அவரிடம் சொல்லச் சொல்கிறேன் என்று இரண்டு வரி. அடுத்த முறை போனார்களா, சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு முன்னால் அந்த வேலை முடிந்தது. இனிமேல் வரும் பதிவுகளைக் கணினியே எழுதிக்கொள்ளும் என்று முடிவு செய்துவிட்டார்களாம். அந்தப் பேச்சு அதற்குப் புரியுமா என்று மேலாளரிடம் கேட்டேன். புரியாத இடத்தை அது சரியான ஆங்கிலமாக மாற்றிவிடும் என்றார். மகள் வேலைக்காரியாகிவிடுவாள். அதை அவரிடம் விளக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்து மாமியார், திரும்பக் கடை போடலாம் என்றிருக்கிறேன் என்றார். திருக்கனூர்ச் சந்தையில் அவர் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார ஆரம்பித்திருக்கிறாளாம். இப்போது போகாவிட்டால் இடம் போய்விடும். சரி என்றேன். சரக்கு எடுக்க நல்லவாட்டுக்கு என் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் அவர் என் பைக்கில் உட்கார்ந்ததில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்து, பின்னால் இருக்கும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கடற்கரையில் வலைமேல் நெத்திலியும் வாளையும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வாளையை எடுத்து முதுகை வளைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், இன்னும் ஒரு வெயில் காய வேண்டும் என்று விற்கிறவளிடம் சண்டை போட்டார். இத்தனை மாதத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. நான் மணலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி, வெயிலில் நிற்காதீர்கள், படகு நிழலுக்குப் போங்கள் என்றார். போனேன்.

வில்லியனூரில் திருக்கனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கருவாட்டு மூட்டையை உள்ளே ஏற்ற விடமாட்டேன் என்றார் கண்டக்டர். பின்வாசல் படிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீரையைக் கழுவித்தான் உருவ வேண்டும், உருவிவிட்டுக் கழுவக் கூடாது என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது ஆஸ்திரேலிய இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் தொலைபேசிப் பேச்சுகளை அடித்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் சுத்தமாக இருக்கிறது. எல்லாம் புரிகிறது. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் ஓடுகிறது. ஹெட்போனில்தான் கேட்கிறேன், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமியார் போன் பண்ணுவார். சாப்பாட்டைக் கேட்பார். இப்போது என்ன கேட்டு எழுதுகிறேன் என்று கேட்பார். போன வாரம் ஒரு கோப்பைப் பற்றிச் சொன்னேன். புயலில் ஒரு ஆள் கார்மேல் மரம் விழுந்துவிட்டது, அதைத்தான் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"இன்னா மரம்?" என்றார்.

தெரியவில்லை என்றேன். கேட்டுச் சொல்லுங்கள் என்றார். போனை வைத்துவிட்டு அந்தக் கோப்பைத் தேடி எடுத்து முதலிலிருந்து ஓடவிட்டேன். காரின் நிறம், கண்ணாடி, இன்ஜின் எண் எல்லாம் சொல்கிறார். மரத்தின் பெயரை அவர் சொல்லவே இல்லை.